செருப்பு விடும் இடத்திலிருந்து

நாங்கள் இருவரும் வடா பாவ் தின்று, கை கழுவி, சாயும் குடித்து முடித்த பிறகு அவள் சொன்னாள்.

"அந்தக் கடைக்காரரு மாவு கரைக்கற கையில துணி கட்டியிருந்தாருங் கண்ணு. துணி மஞ்சளா நனஞ்சு கெடந்துச்சு."

தின்றது நானும் என்னோடு வேலை பார்த்த வைஷாலியும்தான். சொன்னவள் அன்று எதையும் தொடவில்லை. வியாழக்கிழமை விரதம் என்றிருந்தாள்.

"முன்னாடியே சொல்லிருக்கலாமில்ல மேடம்?" என்றேன்.

"சொன்னா சாப்பிட்டிருப்பியா? பசியில இருந்தீங்க ரெண்டு பேரும்" என்றாள், நிஜமான அக்கறையோடு.

அதுதான் அவள். உண்மையைத் தவிர வேறெதுவும் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஆனால் அந்த உண்மை, அதை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகுதான் வரும். நேரில் நான் அவளை 'மேடம்' என்றுதான் அழைத்தேன். எழுதும்போது 'அவள்' என்றே வருகிறது, அப்படியே இருக்கட்டும். இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது. விசாரித்ததும் இல்லை.

புனேவுக்கு வெளியே, தேஹு ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பில்டரின் சைட் ஆபீஸ் இருந்தது. தகரக் கொட்டகைதான், முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்து ஏசி போட்டிருந்தார்கள். எனக்கு அங்கே புக்கிங் மேஜை. வைஷாலிக்குக் கணக்கு. அவளுக்கு மூலையில் சாய்வான பலகை வைத்த ஒரு மேஜை. கோயம்புத்தூரில் ஆர்க்கிடெக்ட் படிப்பு முடித்தவள். கணவனின் ஐடி வேலைக்காகப் புனேவுக்கு வந்தவள் என்றார்கள். கணவனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தோளில் நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவாள். உள்ளே சுருட்டிய தாள்கள்.

கம்ப்யூட்டர் படம் எல்லா பில்டரிடமும் இருக்கிறது, அதை இப்போது யாரும் நம்புவதில்லை, கண்ணெதிரே கையால் வரைந்தால் நம்புவார்கள் என்பது எங்கள் முதலாளியின் கணக்கு. அது தப்பவே இல்லை. வீடு பார்க்க வருபவர்களை அவள் எதிரே உட்கார வைத்து, உங்கள் ஹாலில் என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்பாள். அவர்கள் சொல்லச் சொல்ல வரைவாள். முதலில் தாளின் குறுக்கே ஒரு கோடு. "இது உங்க கண்ணு இருக்கற மட்டமுங்க." அந்தக் கோட்டில் ஒரு புள்ளி. "இது நீங்க பாக்கற எடம்." பிறகு ஸ்கேலை அந்தப் புள்ளியில் முளை அடித்தது போல் வைத்துச் சுழற்றுவாள். சுவரின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, தரையின் ஓடு வரிசைகள் எல்லாம் அந்த ஒரு புள்ளியை நோக்கி ஓடும். கிட்டே இருக்கும் ஓடு உள்ளங்கை அகலம். அடுத்தது அதைவிடக் குறுகல். அதற்கும் அடுத்தது இன்னும் குறுகல். இரண்டு நிமிடத்தில் வெறும் வெள்ளைத் தாள் குழிந்து உள்ளே போய்விடும். கையை நீட்டினால் முழங்கை வரை போகும் போலிருக்கும். ஐடிக்காரத் தம்பதிகள் தாளின் மேலேயே குனிந்து, பால்கனிக்கு அப்பால் என்ன தெரிகிறது என்று எட்டிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். பிறகு என் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

வைஷாலிக்குக் கல்யாணமானது அந்த வருடம்தான். சின்ச்வட்டில் மண்டபம். அவளும் வந்து, அட்சதை போட்டு, வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்து, எல்லோருடனும் படம் எடுத்துக்கொண்டாள். லீவு முடிந்து, கை நிறையப் பச்சை வளையலோடு வைஷாலி வேலைக்குத் திரும்பிய அன்று மதியம், டப்பாவைத் திறந்துகொண்டே அவள் இந்தியில் சொன்னாள்.

"உன் வீட்டுக்காரனுக்கு முன்னாடி ஒரு இடத்துல நிச்சயம் ஆச்சு, தெரியுமா? அந்தப் பொண்ணு எங்க பில்டிங்லதான் இருந்தா. கை நீட்டினான்னு அவளே நிறுத்திட்டா."

வைஷாலி முழங்கைப் பக்கம் ஏறியிருந்த வளையல்களை மணிக்கட்டு மறையும்படி இழுத்து விட்டுக்கொண்டாள். அவசரமாக இழுத்தாள். அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

"பத்திரிகை குடுத்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று வைஷாலி கேட்டாள்.

"தெரியும். நீதான் கேக்கலியே. எவ்வளவு சந்தோஷமா இருந்த அப்ப" என்றாள்.

இப்படிப்பட்டவளிடமிருந்து நான் ஏன் விலகவில்லை என்று கேட்கலாம். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு இரவு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான். அம்மா போய் வருடங்கள் ஆகின்றன. அக்காவுக்கும் தங்கைக்கும் குடும்பம் இருந்தது. கல்யாணம் ஆகாமல் அப்பாவோடு இருப்பவள் நடுப்பெண்ணான நான் மட்டும்தான். அவள் என் தலையைத் துடைத்தாள், வாந்தியை அள்ளிச் சுத்தம் செய்தாள், நான் தூங்கும்போது சலைன் பாட்டிலைப் படம் வரைந்து வைத்தாள். டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆரஞ்சுச் சுளையின் நாரை ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு பிளேட்லெட் ரொம்ப இறங்கிப் போச்சில்ல, அன்னிக்கு உங்கக்கா வெளிய நின்னு அழுதுட்டு இருந்தா. போய்க் கையப் புடிச்சேன். இவளுக்கு ஒண்ணு ஆயிட்டா அப்பாவ யாரு பாத்துக்கறதுன்னு கேட்டா."

"அக்காவா அப்படிக் கேட்டாங்க?"

"வேற யாரு? ஆனா அழுகை நெசமான அழுகைதான் கண்ணு. அதுல ஒண்ணும் குத்தமில்ல."

சுளையை என் வாயில் வைத்தாள். மென்று விழுங்கினேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸை விட்ட பிறகு வாடகை வீடு. அவருக்கு வீடு வாங்க வேண்டும் என்ற ஆசைக்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு மறுநாள் குவார்ட்டர்ஸில் விருந்து வைத்தபோது இடம் போதவில்லை. சம்பந்தியை, அதாவது அக்காவின் மாமனாரை, வெளியே நாற்காலி போட்டு அடுத்த பந்திவரை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அவர் சிரித்த முகத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை வந்து போயிருக்கிறார், சாப்பிட்டும் இருக்கிறார். அப்பாவுக்கு மட்டும் அந்த நாற்காலி மறக்கவில்லை. தன் வீட்டில் இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் மாப்பிள்ளைகளும் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

நான்தான் அவரை ஆபீஸுக்கு அழைத்து வந்தேன். கட்டடம் அப்போது வெறும் தூண்களாக நின்றது. அவள் எழுந்து கும்பிட்டு, "வாங்கய்யா, உக்காருங். தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள். அந்த 'ங்'கிலேயே அப்பா மயங்கிவிட்டார். எங்கள் வேலூர்ப் பக்கத்துப் பேச்சில் இத்தனை மரியாதையை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை.

"எங்களுக்கு சோபா கீபா ஒண்ணும் வாணாம்மா. ஹால்ல ரெண்டு பக்கமும் எல போட்டு அல்லாரும் உக்கார்ணும். அது ஆவுமா?"

அவள் கோடு போட்டாள், புள்ளி வைத்தாள், ஸ்கேலைச் சுழற்றினாள். இரண்டு பக்கச் சுவரை ஒட்டியும் இலைகள் வரிசையாகப் புள்ளியை நோக்கிப் போயின. ஒவ்வொரு இலைக்கும் ஓர் ஆள். வேட்டி, சேலை, ஒரு பெண்ணின் கொண்டைப் பூ. நடுவில் பரிமாறுபவர் தாராளமாக நடக்கலாம் போல் வழி. கடைசியில் பால்கனி, அதற்கும் அப்பால் குன்றின் கோடு. அப்பா இலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"இவ்ளோ பேரும் உக்காரலாமாம்மா?"

"படத்துல உக்காந்திருக்காங்கல்லங்க. நல்லா பாத்துக்கோங்க" என்றாள்.

அந்தப் பதிலை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. படம் வரைய ஓர் அளவு உண்டு, அந்த அளவில் பொய் சொல்ல முடியாது என்றே நினைத்திருந்தேன். அப்பா அன்றே சரி என்றார். படத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாடகை வீட்டுச் சுவரில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினார். சம்பந்திக்கு போனிலேயே படம் அனுப்பச் சொன்னார். அலைச்சல் எல்லாம் என்னுடையது: பாங்கு, ரிஜிஸ்டர் ஆபீஸ், சாவி.

சாவி வந்து கதவைத் திறந்தபோது ஹால் சின்னதாகத்தான் தெரிந்தது. காலி வீடு அப்படித்தான் தெரியும், சாமான் வந்தால் பெரிதாகிவிடும் என்று தங்கை சொன்னாள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். படத்தை ஹாலில் மாட்டினார்.

கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் வந்தார்கள். அவளும் வந்தாள், பட்டுப்புடவை கட்டி, எங்களுக்கு ஒரு பித்தளை விளக்கு எடுத்துக்கொண்டு. ஹோமம் முடிந்து, புகை கலைந்து, இலை போட்டார்கள். ஒரு வரிசை உட்கார்ந்தது. இரண்டாவது வரிசை எதிரே உட்கார்ந்தபோது முழங்காலோடு முழங்கால் இடித்தது. பெரிய மாப்பிள்ளையின் இலை அவர் மடிமேல் பாதி ஏறிக் கிடந்தது. பொரியல் வாளியோடு நான் உள்ளே கால் வைக்க வழியில்லை. அக்காவின் மாமனார் தன் மனைவியைத் தொட்டு எழுப்பினார்.

"பரவால்ல, நாங்க அடுத்த பந்தியில உக்காந்துக்கறோம்" என்று சொல்லி வெளியே போய், லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. ஓடிப்போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார்.

"சம்பந்தி, இருங்க, எங்க போறீங்க? ஜாகா கீது. நாமதான் எலய ஒழுங்கா போடல. இந்தோ பாருங்க." பிறகு அவளைத் தேடினார். "மேடம், நீங்க சொல்லுங்க. நீங்கதான வரஞ்சீங்க. எல எப்டி போட்டா இந்த மாறி வரும்?"

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து வந்தாள். சொந்த மகள் போல் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கய்யா, காட்டறேன்."

வாசலைத் தாண்டி, லிஃப்டுக்கு எதிரே நடைபாதைக்குக் கூட்டிப் போனாள். வந்தவர்களின் செருப்பெல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தது. அவளே புடவையைச் சொருகிக்கொண்டு காலால் செருப்புகளை ஒதுக்கினாள்.

"இங்க உக்காருங்."

"இங்கியா? செருப்புங்க நடுவுலயா?" அப்பா சிரித்தார். ஏதோ வேடிக்கை என்று நினைத்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். புது வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார், மடியில் படம்.

"இப்ப நேரா பாருங். என்ன தெரியுது?"

"செவுரு தெரியுது. வாசக்கால் தெரியுது."

"அந்தச் செவுரு இல்லைன்னு நெனச்சுக்கோங்க. இந்தப் படத்த இங்க உக்காந்து பாத்தாத்தானுங் தெரியும். உள்ள உக்காந்து வரஞ்சா பாதி ஹால்தான் படத்துல விழும். அதனால கண்ணக் கொண்டாந்து வெளிய வெச்சேன். கண்ணு மட்டத்த உக்காந்த ஆளு அளவுக்கு எறக்கிட்டா கூரை மேல போயிரும். ரூம் பெருசாத் தெரியும்."

அப்பா பள்ளிப் பையனைப் போலத் தலையாட்டினார். சம்பந்தி குனிந்து படத்தைப் பார்த்தார்.

"அப்பறம் இந்த ஆளுங்க" என்று அவள் கண்ணாடியின் மேல் நகத்தால் தட்டினாள். "இவங்க பெரியவங்க இல்லீங். ஒண்ணாங்கிளாஸ் பசங்க ஒசரத்துக்குப் போட்டிருக்கேன். வேட்டியும் சேலையும் கட்டி விட்டுட்டா பெரியவங்களாட்டத் தெரியும். எலையும் அதே கணக்குதான். இத்தன பேரு உங்க ஹாலுல உக்காரோணும்னா, பள்ளிக்கூடத்துப் பசங்களத்தான் கூட்டிட்டு வரோணும்."

சம்பந்தி சிரித்துவிட்டார். வேண்டுமென்று சிரிக்கவில்லை, வந்துவிட்டது. பிறகு வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். அதற்குள் சின்ன மாப்பிள்ளையும் சிரித்திருந்தார்.

"முன்னாடி சொல்லிருக்கலாமேம்மா" என்றார் அப்பா. குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"முன்னாடி நீங்க கேட்டது எல்லாரும் உக்காந்தாப்ல ஒரு படமுங். அது வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு இப்பத்தான கேட்டீங்க."

அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. நானும் தங்கையும் இரண்டு பக்கமும் தூக்கினோம். வேட்டியின் பின்பக்கத்தில் யாருடைய செருப்புச் சேறோ அப்பியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

அவள் உள்ளே போய், சம்பந்தி விட்டுப் போன இலையில் உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டாள். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

மறுநாள் ஆபீஸில் அவள் மேஜைக்குப் போய் நின்றேன். பேசத் தொடங்கும் முன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லார் முன்னாடியும் ஏன் மேடம் அப்படிச் செஞ்சீங்க?"

"பொய் சொல்லியிருக்கோணுமா கண்ணு?"

"வாங்கறதுக்கு முன்னாடி சொல்லிருக்கணும். இல்லன்னா சொல்லாமலே இருந்திருக்கணும்."

அவள் பென்சிலைச் சீவுவதை நிறுத்தினாள். முதல் முறையாகக் கொஞ்சம் யோசித்துப் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"வாங்கறதுக்கு முன்னாடி சொன்னா என் வேலைக்கு ஆகாது. வாங்குனதுக்கு அப்பறமும் மறச்சா என் மனசுக்கு ஆகாது."

அவள் அதை நம்பினாள். நம்பிவிட்டுத் தூங்கவும் செய்தாள், எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நான் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் அப்பா வேறு மாதிரி ஆகிவிட்டார். படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். ஹாலின் நடுவில் நின்று, ஒரு கண்ணை மூடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் சொன்னார்.

"அந்த அம்மாவக் கூட்டினு வா. நெசமா எப்டி கீதோ அப்டி ஒண்ணு வரஞ்சு தரச் சொல்லு."

"அவங்க வேணாம்பா. போதும்."

"அவங்க ஒருத்திதான் நெசம் சொன்னாங்க. நீங்க அல்லாரும் சாமான் வந்தா பெருசாயிடும்னு சொன்னவங்கதான?"

நான் கூப்பிட மறுத்தேன். அவரே போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வந்துவிட்டாள்.

இந்த முறை வாசல் கதவை ஒட்டி உள்ளேயே உட்கார்ந்தாள். சுவரில் முதுகு இடித்தது. "இதுக்கு மேல பின்னால போகக் கூடாதுங், போனாப் பொய்யாயிரும்" என்றாள். கோடு போட்டாள். புள்ளி வைத்தாள். ஒரே ஒரு பக்கச் சுவரும், பால்கனிக் கதவின் பாதியும், சமையலறை வாசலும்தான் தாளுக்குள் வந்தன. ஓடுகள் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டன. அவள் இலைகளை வரைந்தாள், சுவரை ஒட்டி ஒரு வரிசை.

"ஆறு எல விழுதுங்கய்யா. அதுக்கு மேல ஒண்ணு போட்டாலும் பரிமாற வழியில்ல. யாரு யாருன்னு சொல்லுங்."

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. வெறும் ஆட்களாகப் போட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார். தாடையைத் தடவினார்.

"சம்பந்தி. சம்பந்தியம்மா. அவுங்க பக்கத்துல நானு. பெரிய மாப்ள. சின்ன மாப்ள." அதோடு நிறுத்தினார்.

"இன்னும் ஒரு எலைங்."

நான் காப்பி டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். பென்சில் தாளுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.

"பெரியவ" என்றார் அப்பா.

"சின்னவங்களுங்?"

"அவளுக்குக் கைக்கொழந்த. அப்பறமா உக்காந்துக்குவா."

அவள் ஆறாவது இலைக்கு அக்காவை வரைந்தாள். அக்காவின் தடித்த பின்னலைக்கூட நினைவில் வைத்திருந்தாள். பிறகு பென்சிலின் பின்முனையால் என் பக்கம் காட்டினாள்.

"இவங்களுங்?"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாராச்சும் பரிமாறணுமில்ல."

"அதும் சரிதானுங்" என்றாள். பிறகு என்னிடம், "அப்படியே நில்லு கண்ணு, அசையாத" என்றாள்.

கையை நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடினாள். கட்டைவிரலைப் பென்சிலின் மேல் மெதுவாக நகர்த்தி என் தலையையும் காலையும் அளந்தாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ படம் வரைந்திருக்கிறாள், யாரையும் அப்படி நேரே அளந்து நான் பார்த்ததில்லை. அளந்த நீளத்தைத் தாளில் சமையலறை வாசலுக்குள் வைத்தாள். நான்கைந்து கோடு. புடவை, வாளி, ஒரு கை. பலகையைத் திருப்பி எனக்குக் காட்டினாள்.

இலையில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கண்ணும் மூக்கும் இருந்தன. பக்கவாட்டில் திரும்பிச் சம்பந்தியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடிகூட இருந்தது.

"எனக்கு முகம் போடலியா மேடம்?"

"அவ்வளவு உள்ள தள்ளி நிக்கற. இந்த ஒசரத்துக்குள்ள மூக்கும் முழியும் போட்டா கறையாட்ட ஆயிருங் கண்ணு" என்றாள்.

அப்பா பலகையை வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார். கையை நீட்டி, தள்ளி வைத்துப் பார்த்தார். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முகம் தெளிந்தது.

"இப்பதான் ஏக்தம் சரியா கீது" என்றார்.

நான் காப்பியை இருவருக்கும் நடுவில், தரையில் வைத்தேன். அன்று மாலை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, படத்துக்குச் சட்டம் போடக் கடைக்குப் போனார்.